படிவத்தில் எழுதிய இரண்டு சொற்கள்

நேர்காணல் முடிந்த கையோடு மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவது என் வழக்கம். தள்ளிப்போட்டால் யார் என்ன சொன்னார்கள் என்பது குழம்பிவிடும். அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். வந்திருந்த பெண் வெளியே போய்க் கதவு சாத்திய அடுத்த நிமிடம், 'பொதுவான கருத்து' என்ற கட்டத்தில் எழுதினேன்: தன்னம்பிக்கை குறைவு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மனிதவளத் துறையைச் சேர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எதை வச்சு இப்படி எழுதினீங்க?"

"என் முகத்தையே பாக்கலை மேடம். குரலும் சரியா வெளிய வரலை. கையைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாங்க."

"சரி. நீங்க அவங்க முகத்தைப் பாத்தீங்களா?"

வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. அன்று காலை ஒரு சர்வர் பழுதாகிவிட்டது. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, செய்தி வரவர பதில் அடித்துக்கொண்டிருந்தேன். நடுநடுவே கேள்வி கேட்டேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்திருந்தேன். நாற்பது நிமிடத்துக்கான நேர்காணலை அரை மணி நேரத்தில் முடித்தும் விட்டேன்.

"ரெண்டாவது கேள்விக்கு ரொம்ப நல்லாத்தான் ஆரம்பிச்சாங்க" என்றார் அவர். "நீங்க குனிஞ்சு டைப் பண்ண ஆரம்பிச்சீங்க. அப்பதான் குரல் இறங்குச்சு. அதுக்கப்புறம் அவங்க நிமிரவே இல்லை."

இதைக் குற்றம்சாட்டும் தொனியில் அவர் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அந்தப் பெண்ணை மறுபடி அழைக்கலாம் என்று எனக்குத் தோன்றிச் சொன்னபோது இரண்டு நாள் ஆகியிருந்தது. வேறொருவர் தேர்வாகிவிட்டார். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் படிவம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் உடல்மொழி பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். நான் தேடியது ஒரே ஒரு கேள்விக்கான பதிலை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் உடலில் நான் பார்ப்பது, அவரையா, இல்லை நான் அவருக்கு என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதையா?

முதலில் என்னைத் திடுக்கிட வைத்தது வேகம். ஜேனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடோரோவ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத முகங்களின் படங்களைச் சிலருக்கு 100 மில்லி நொடி மட்டும் காட்டினார்கள். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. சிலருக்கு அரை நொடி, சிலருக்கு ஒரு நொடி. இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா, பிடிக்கிறதா என்று கேட்டார்கள். நேரக் கட்டுப்பாடே இல்லாமல் அதே முகங்களைப் பார்த்தவர்களின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டார்கள். 100 மில்லி நொடியில் எடுத்த முடிவே அதோடு பெருமளவு ஒத்துப்போனது. கூடுதல் நேரம் கொடுத்தபோது மதிப்பீடு பெரிதாக மாறவில்லை. கூடியது தங்கள் முடிவின் மேல் அவர்களுக்கு இருந்த உறுதிதான்.

இதைப் படித்த அன்று வேறு எதுவும் ஓடவில்லை. நிதானமாகப் பேசிப் பார்த்துத்தான் ஆளை எடைபோடுகிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் கதவு திறந்த கணத்திலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது, மிச்ச நேரமெல்லாம் அதற்குச் சாட்சி சேர்த்தேன். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1946லேயே இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டியிருக்கிறார். ஒரு மனிதரைப் பற்றி ஆறு சொற்கள். புத்திசாலி, உழைப்பாளி என்று தொடங்கி, பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என்று முடியும் பட்டியலை ஒரு குழுவுக்குக் கொடுத்தார். அதே சொற்களைத் தலைகீழாக இன்னொரு குழுவுக்கு. முதல் குழு அவரைக் குறைகள் கொஞ்சம் உள்ள திறமைசாலியாகப் பார்த்தது. இரண்டாவது குழுவுக்கு அவர் தன் குறைகளால் திறமை வீணாகிப்போன ஆள். சொற்கள் அதே ஆறுதான். முதலில் வந்தது பின்னால் வந்ததன் நிறத்தை மாற்றிவிட்டது.

முதல் பார்வை எப்போதும் பொய் சொல்லும் என்று நான் சொல்ல வரவில்லை. நளினி அம்பாடி என்ற இந்திய வம்சாவளி உளவியலாளரும் ராபர்ட் ரோசென்தாலும் 1993இல் செய்த ஆய்வு புகழ்பெற்றது. கல்லூரி ஆசிரியர்கள் பாடம் நடத்தும் சில நொடிக் காட்சிகளைச் சத்தமில்லாமல் அறிமுகமற்றவர்களுக்குக் காட்டினார்கள். அவர்கள் கொடுத்த மதிப்பெண், ஒரு பருவம் முழுக்க அந்த வகுப்பில் உட்கார்ந்த மாணவர்கள் கொடுத்த மதிப்பெண்ணோடு நன்றாக ஒத்துப்போனது. சில நொடி உடல்மொழியில் ஏதோ உண்மை இருக்கிறது என்று இதைக் காட்டுவார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆசிரியர்களை மாணவர்களுக்கு எவ்வளவு பிடித்தது என்பதைத்தான் அது தொட்டது. மாணவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பது வேறு கணக்கு. வேலைக்கு ஆள் எடுக்கும்போது இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பழகப் பிடித்தவர் வேறு, வேலை தெரிந்தவர் வேறு. இருவரும் ஒரே ஆளாக இருந்தால் நல்லது. இல்லாமலும் போகலாம்.

அலுவலகப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அந்த வட்டப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். தகவல் தொடர்பில் 55 சதவீதம் உடல்மொழி, 38 சதவீதம் குரல், வெறும் 7 சதவீதம்தான் சொற்கள். நானே ஒரு காலத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தவறு. எவ்வளவு பெரிய தவறு என்று இப்போது விளக்கியே ஆக வேண்டும்.

இந்த எண்கள் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒன்றில் தனித்தனிச் சொற்களை வெவ்வேறு குரலில் ஒலிக்கவிட்டு, பேசுபவரின் மனநிலை என்ன என்று கேட்டார்கள். இன்னொன்றில் 'ஒருவேளை' என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பல தொனிகளில் ஒலிக்கவிட்டு, கூடவே முகத்தின் புகைப்படங்களைக் காட்டினார்கள். கேள்வி இதுதான்: பேசுகிறவருக்கு எதிராளியைப் பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா? சொல் ஒன்று சொல்ல, முகம் வேறொன்று சொன்னால் கேட்பவர் முகத்தைத்தான் நம்புகிறார். நியாயமான கண்டுபிடிப்பு. இரண்டு ஆய்வுகளின் முடிவையும் இணைத்து ஒரு சூத்திரம் போட்டார். விருப்பு வெறுப்பு போன்ற உணர்வுகளைப் பற்றிப் பேசும்போது மட்டுமே இது பொருந்தும் என்று அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த நிபந்தனை வழியிலேயே உதிர்ந்துபோய், எண்கள் மட்டும் உலகம் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

உங்களுக்குத் தெரியாத மொழியில் நடக்கும் ஒரு மீட்டிங்கில் போய் உட்கார்ந்து பாருங்கள். யார் யாரோடு கோபமாக இருக்கிறார்கள் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். வேலை முடிய வேண்டிய கடைசித் தேதி தள்ளிப்போயிருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

அந்த வட்டப்படம் வெறும் தவறான தகவலாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதமாட்டேன். அது ஆட்களைக் கெடுக்கிறது. என் குழுவில் ஒரு பெண் இருந்தார். தயாரிப்பில் அபாரமானவர். பெரிய அதிகாரிகள் முன்னால் முதல்முறையாகப் பேச வேண்டியிருந்தது. முந்தின நாள் மாலை என்னிடம் வந்து கேட்ட ஒரே கேள்வி, "கையை எங்க வச்சுக்கணும் சார்?" பாக்கெட்டில் வைக்கக் கூடாது, கட்டக் கூடாது, முன்னால் கோத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கெங்கோ படித்துப் படித்து, சொந்தக் கை அவருக்குப் பாரமாகிவிட்டது.

"நாளைக்கு அவங்க ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதும்னா, அது என்ன?" என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தார். இரண்டு நிமிடத்தில் அவர் கைகள் காற்றில் படம் வரைந்துகொண்டிருந்தன. பார்க்க அழகாக இருந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள்கூடப் பேசும்போது கையை அசைக்கிறார்கள், அதுவும் தங்களைப் போலவே பார்வையற்ற ஒருவரிடம் பேசும்போதும் அசைக்கிறார்கள் என்று ஜேனா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ இருவரும் 1998இல் காட்டினார்கள். யாரையும் பார்த்துக் கற்ற பழக்கமும் இல்லை, யார் பார்ப்பதற்காகவும் செய்வதும் இல்லை. சிந்தனையும் கையும் சேர்ந்தே நகர்கின்றன. சொல்ல வந்தது தெளிவாக இருந்தால் கை தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். மறுநாள் அவர் நன்றாகப் பேசினார்.

அடுத்து கண். அலுவலகங்களில் கண்ணுக்குக் கொடுக்கப்படும் அளவு பழி வேறெந்த உறுப்புக்கும் கிடையாது. கண்ணைப் பார்த்துப் பேசாதவர் எதையோ மறைக்கிறார் என்ற நம்பிக்கை ஆழமானது. சார்ல்ஸ் பாண்ட் தலைமையிலான குழு பல டஜன் நாடுகளில், பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டது. 2006இல் வந்த அந்த ஆய்வில் உலகம் முழுக்க முதலிடம் பிடித்த பதில், 'கண்ணைப் பார்க்கமாட்டார்கள்' என்பதுதான். அதே ஆண்டு பாண்டும் பெல்லா டிபௌலோவும் பொய்யைக் கண்டறிவது பற்றிய ஆய்வுகளை மொத்தமாகத் தொகுத்தார்கள். 24,000க்கு மேற்பட்டவர்களின் தீர்ப்புகள். சரியாகக் கண்டுபிடித்தது 54 சதவீதம். காசைச் சுண்டிவிட்டாலே 50 கிடைக்கும். கண்ணை விலக்குவதற்கும் பொய்க்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு எதுவும் இல்லை என்பது டிபௌலோவின் 2003ஆம் ஆண்டு தொகுப்பிலேயே வந்துவிட்டது.

அப்படியானால் ஆட்கள் ஏன் கண்ணை விலக்குகிறார்கள்? யோசிப்பதற்காக. ஆர்தர் க்ளென்பெர்கும் அவருடைய சகாக்களும் 1998இல் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கேள்வி கடினமாக ஆகஆக, பதிலைத் தேடும்போது பார்வை விலகுவது கூடுகிறது. அப்படி விலக்குவது நினைவுகூர உதவவும் செய்கிறது. எதிரே இருக்கும் முகத்தில் படிக்க நிறைய இருக்கிறது. அதைப் படித்துக்கொண்டே கடினமான கணக்கும் போடுவது சிரமம். கடினமான கேள்வி கேட்டுவிட்டு, விடாமல் என் கண்ணையே பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தால், அவரை இரண்டு வேலை செய்யச் சொல்கிறேன்.

இதையெல்லாம் படித்தபோதும் என் கேள்விக்கு நேரடியான பதில் கிடைக்கவில்லை. அது 1974இல் வெளியான ஒரு பழைய ஆய்வில் இருந்தது. கார்ல் வோர்ட், மார்க் ஸன்னா, ஜோயல் கூப்பர் மூவரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் செய்தது. இரண்டு பகுதிகள் கொண்டது.

முதல் பகுதியில் வெள்ளையின மாணவர்கள் நேர்காணல் எடுப்பவர்கள். எதிரே வந்தவர்களில் கறுப்பினத்தவரும் உண்டு, வெள்ளையினத்தவரும் உண்டு. இரு தரப்பும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்படி முன்கூட்டியே பயிற்சி பெற்றிருந்தார்கள். ஆராயப்பட்டது நேர்காணல் எடுத்தவர்களின் உடல். கறுப்பினத்தவர் எதிரே உட்கார்ந்தபோது அவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். பேச்சில் தடுமாற்றம் கூடியது. நேர்காணலைச் சுமார் கால் பங்கு நேரம் முன்னதாகவே முடித்துவிட்டார்கள். யாரும் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை.

இரண்டாவது பகுதிதான் என்னைப் பிடித்து உலுக்கியது. இப்போது நேர்காணல் எடுப்பவர்களுக்குப் பயிற்சி. முதல் பகுதியில் பார்த்த இரண்டு விதமான நடத்தையையும் அப்படியே செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். விண்ணப்பதாரர்கள் எல்லோரும் வெள்ளையினத்தவர். சிலருக்கு நெருக்கமான நடத்தை, சிலருக்கு அந்த ஒதுக்கமான நடத்தை. பிறகு, எதிரே என்ன நடந்தது என்று அறியாத நடுவர்கள் விண்ணப்பதாரர்களை மதிப்பிட்டார்கள். ஒதுக்கமாக நடத்தப்பட்டவர்கள் வேலைக்குக் குறைந்த தகுதி உள்ளவர்களாகவும் அதிகப் பதற்றம் உள்ளவர்களாகவும் தெரிந்தார்கள். அவர்களுடைய பேச்சும் தடுமாறியது. அவர்களும் தங்கள் நாற்காலியைத் தள்ளியே போட்டுக்கொண்டார்கள்.

அந்த நடுவர்களின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். நான் அவர்களைவிட மோசமான இடத்தில் இருந்தேன். ஒதுக்கமாக உட்கார்ந்ததும் நான்தான், அதன் விளைவைப் பார்த்து மதிப்பெண் போட்டதும் நான்தான். 'தன்னம்பிக்கை குறைவு' என்று நான் எழுதியபோது, என் குனிந்த தலையின் நிழல் அந்தப் பெண்ணின் முகத்தில் விழுந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

வேலையிடத்தில் இரண்டு உடல்களுக்கும் ஒரே எடை கிடையாது. வேலை கொடுக்கக்கூடியவர், சம்பளத்தை முடிவு செய்பவர், விடுப்பில் கையெழுத்துப் போடுபவர் என்றால் அவர் புருவம் சற்று ஏறினாலும் எதிரே இருப்பவர் வீட்டுக்குப் போய் இரவெல்லாம் அதையே யோசிப்பார். இதை நான் மறுபக்கத்திலிருந்தும் அனுபவித்திருக்கிறேன். என் ஆரம்பகால மேனேஜர் ஒருவர், நான் அறிக்கையோடு அவர் மேசைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார். 'ஐயோ, இவனா' என்பதாகத்தான் எனக்குக் கேட்கும். இரண்டு வருடம் அந்தப் பெருமூச்சுக்குப் பயந்து, கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விட்டேன். அவர் வேலை மாறிப்போகும் நாளில்தான், நெடுநாள் முதுகுவலிக்காரர் என்று தெரிந்தது. என் மேசை இருந்த பக்கமாக நாற்காலியைத் திருப்பினால் அவருக்கு வலிக்கும். அவ்வளவுதான் அந்தப் பெருமூச்சு. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பது எனக்குக் கடினம், சொல்வது அவருக்கு எளிது. அதனால்தான் பொறுப்பு மேலே இருப்பவருடையது என்கிறேன்.

சிலருடைய உடல் நாம் எதிர்பார்க்கும் இலக்கணத்தில் பேசாது. கூட வேலை பார்த்த ஒருவருக்கு முகவாதம் வந்தது. முக நரம்பு பாதிக்கப்பட்டு ஒரு பக்கம் தசைகள் செயலிழந்துபோகும் நோய். பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். அவருக்கு முழுதாகச் சரியாகவில்லை. சிரித்தால் ஒரு பக்க உதடு மட்டும் ஏறும். தெரியாதவர்களுக்கு அது ஏளனமாகத் தெரியும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தன் யோசனையை அவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, மீட்டிங்கில் வாயே திறக்காமல் இருந்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் நண்பர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். யாரையாவது முதன்முறை சந்தித்தால், "என் முகத்துல ஒரு பக்கம் வேலை செய்யாது. சந்தோஷமா இருந்தா வாயால சொல்லிடுவேன்" என்பார். சொன்னபடியே செய்வார். "இது எனக்குப் பிடிச்சிருக்கு" என்று அவர் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். முகம் நன்றாக வேலை செய்கிற நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதே இல்லை.

ஆட்டிசம் உள்ளவர்கள் விஷயத்தில் இது இன்னும் கடுமையானது. நோவா சாசனும் சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சிறு துணுக்குகளைப் பார்த்தவர்களும் கேட்டவர்களும் சில நொடிகளிலேயே அவர்களைக் குறைத்து மதிப்பிட்டார்கள், பழக விருப்பமில்லை என்றார்கள். அதே பேச்சை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அவர்கள் சொன்ன விஷயத்தில் குறையே இல்லை. பார்வையும் தொனியும் அசைவும் பழகிய மாதிரி இல்லை என்பதற்காகவே விலகிப்போகிறோம். எத்தனை நேர்காணல் அறைகளில் எத்தனை நல்ல வேலைக்காரர்களை இப்படி அனுப்பிவைத்திருப்போம்? இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

நிமிர்ந்து, கைகளை விரித்து, வெற்றி பெற்றவரைப் போல இரண்டு நிமிடம் நின்றால் உடலின் ஹார்மோன்களே மாறும் என்று 2010இல் வந்த ஆய்வைப் பற்றி ஒரு வரி. அதில் பங்கேற்றவர்கள் 42 பேர். 2015இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தெரியவில்லை. தெம்பாக உணர்ந்ததாகச் சிலர் சொன்னார்கள், அது மட்டும் நிலைத்தது. முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியரான டேனா கார்னியே அந்த விளைவு உண்மை என்று தான் நம்பவில்லை என 2016இல் வெளிப்படையாக அறிவித்தார். ஆய்வு உலகில் அதிகம் பேர் செய்யாத நேர்மை அது.

நேர்காணலுக்குப் போகும் இளையவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், நிற்கும் விதம் எதையும் சொல்வதில்லை. பத்து நிமிடம் முன்னதாகப் போய் உட்காருங்கள், மூச்சு இறங்கட்டும் என்பேன். இரண்டு பாதமும் தரையில் படட்டும். பதற்றம் அடங்கவில்லை என்றால் "கொஞ்சம் பதற்றமா இருக்கு" என்று வாயால் சொல்லிவிடுங்கள். நல்ல நேர்காணல்காரர் அதைக் கேட்டதும் தன் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துக்கொள்வார். இழுத்துக்கொள்ளாதவர் எப்படிப்பட்ட மேனேஜராக இருப்பார் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

திரையில் நடக்கும் மீட்டிங் வந்த பிறகு நிலைமை இன்னொரு விதமாகச் சிக்கலாகிவிட்டது. கேமரா ஒரு இடத்தில், முகம் வேறொரு இடத்தில். உங்கள் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்றால் நான் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது, கேமராவின் புள்ளியைப் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லென்சன் 2021இல், திரை மீட்டிங்குகளால் வரும் அசதிக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். மிக நெருக்கத்தில் விடாமல் நம்மைப் பார்க்கும் முகங்கள், சைகைகளை அனுப்பவும் படிக்கவும் எடுக்க வேண்டிய கூடுதல் முயற்சி, நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, நகர முடியாமல் கட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது. என் குழுவில் யாராவது கேமராவை அணைத்து வைத்தால் நான் காரணம் கேட்பதில்லை. இரண்டாவது திரையில் எதையாவது பார்க்க நேர்ந்தால் "குறிப்பு எழுதறேன், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறேன். முகவாத நண்பரிடம் கற்றது.

நேர்காணல் எடுக்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். லேப்டாப் அறைக்குள் வருவதில்லை. காகிதத்தில் எழுதுகிறேன், நான் குனிந்தால் எழுதுகிறேன் என்று அர்த்தம் என முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதைக்கப்போதே மதிப்பெண். முதல் ஐந்து நிமிடம் பேசுவதற்கு மதிப்பெண்ணே கிடையாது. மனிதவளத் துறையில் பேசி, படிவத்திலிருந்த 'பொதுவான கருத்து' என்ற கட்டத்தை எடுக்கச் சொன்னேன். முழுதாக எடுக்கவில்லை. 'நீங்கள் கண்ணால் கண்டது என்ன, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்' என்று மாற்றினார்கள். அந்த இரண்டாவது பாதியைச் சேர்த்தவர், அன்று என்னிடம் கேள்வி கேட்ட அதே மேடம்தான். ஓய்வு பெறுவதற்கு முன்னால் அவர் செய்த கடைசி வேலைகளில் ஒன்று.

போன மாதம் ஒரு பையன் வந்திருந்தான். தண்ணீர் டம்ளரை எடுக்கும்போது கை நடுங்கியது. தானே அதைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். பழைய பதிவேடுகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும்போது பாதி வழியில் பழுதானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கடினமான கேள்வி. நான் கேட்கும்போதே பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

"ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்லட்டுமா சார்?"

"தாராளமா."

என்னை விட்டுப் பார்வையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தான். உதடு எதையோ எண்ணுவது போல அசைந்தது. வலது கை மேசையின் மேல் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கோடு போட்டது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு. நடுக்கம் நின்றிருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் ஜன்னலைப் பார்த்தபடியே, "முதல்ல எது எது மாறிடுச்சுன்னு தெரிஞ்சுக்கணும்" என்று ஆரம்பித்தான்.